சென்னம்மா கட்டில் சின்னத்துல நின்ன கதை

சீக்கனப்பள்ளிப் பக்கம் வந்தீங்கன்னா இந்தக் கதைய நீங்க கேக்கவே வேணாம், தானா காதுல வந்து விழும். குருபரப்பள்ளிலருந்து சூளகிரி போற ரோட்டுல மாதேஷ் டீக்கடைல ஒரு டீ சொல்லிட்டு சும்மா நில்லுங்க, போதும். "லைன் வூட்டு பாயம்மா இருக்குது பாருங்க, ஃபகருன்னிசா, அது பிரசிடெண்டு எலக்சன்ல வாபஸ் வாங்கறேன்னு ஒத்துக்கிச்சாம். நாராயணப்பன் கார்லயே போச்சாம், அவரு வாங்கிக் குடுத்த ஜூஸயும் குடிச்சுச்சாம். அப்பறம் யூனியன் ஆபீசுல தொழுவணும்னு ஒரு ரூமுக்குள்ள போயி, வாபஸ் டைம் முடியற வரைக்கும் எந்திரிக்கவே இல்லியாம். சாமி பேரச் சொல்லியே ஏமாத்திருச்சு." சொல்ற ஆளுக்குத் தகுந்த மாதிரி இது நீளும். ஒருத்தன், ரூமுக்குள்ள அது போன் பாத்துட்டு இருந்துச்சும்பான். இன்னொருத்தன், ஜன்னல் வழியா பிரியாணி உள்ள போச்சும்பான். ஜன்னலே இல்லாத ரூமு அது.

வதந்தின்னு பாத்தா நல்ல வதந்திதான், நெசம் வெளில வந்த பின்னாடியும் சாவல, கொற சொல்ல முடியாது. ஆனா அதுல ஆளு மாறிப்போச்சு. நெசமா நடந்தத ஆரம்பத்துலருந்து சொல்றேன், டீ ஆறுனா ஆறிட்டுப் போவட்டும். இது பாயம்மா கதையே இல்ல. நாராயணப்பன் பொண்டாட்டி சென்னம்மா கதை.

சென்னம்மா பொறந்தது நாட்றாம்பாளையம். அஞ்செட்டி தாண்டி, காட்ட ஒட்டிக் கெடக்கற ஊரு. ராகி வெளஞ்சா யான எறங்கும். தகரத்தத் தட்டி, "போ சாமி, போ"ன்னு மரியாதையா தொரத்தணும். அப்படி வளந்த பொண்ணக் கொண்டாந்து சீக்கனப்பள்ளி நாராயணப்பனுக்குக் கட்டி வச்சாங்க. யானையாச்சும் ரெண்டு தடவ சொன்னா திரும்பிப் போவும், இந்த மனுசன் போவாதுன்னு அந்தம்மா கல்யாணமான மாசமே கண்டுபுடிச்சுருச்சு.

நாராயணப்பன் கெட்ட மனுசன் இல்ல. அத மொதல்லயே சொல்லிடணும், இல்லன்னா கதை வேற பக்கம் போயிரும். வூட்டுல தெலுங்கு பேசுவாரு, சந்தைல கன்னடம் பேசுவாரு, ஓட்டு கேக்கறப்ப மட்டும் தமிழு. அவருக்கு இருந்த ஒரே சீக்கு, எல்லாத்தயும் தானே முடிவு பண்றது. சென்னம்மா என்னா பொடவ கட்டணும், கன்னுக்குட்டிக்கு என்னா பேரு வைக்கணும், எல்லாம் அவருதான். கம்பெனிங்க வந்தப்ப நெலத்துல ஒரு பக்கத்தக் குடுத்தாரு. மிச்ச எடத்துல லைன் வூடு கட்டுனாரு, ரயில் பொட்டியாட்டம் ஒன்னோட ஒன்னு ஒட்டுன வூடுங்க. மதுரப் பக்கம், சிவகங்கப் பக்கம், திருச்சிப் பக்கம்னு பொழைக்க வந்த ஜனமெல்லாம் அதுல குடியேறிச்சு. ஃபியூஸ் போனாலும் "ஓனரக்கா"ன்னு சென்னம்மாகிட்ட ஓடி வருவாங்க, பொண்டாட்டி கோவிச்சுட்டு பஸ் ஏறுனாலும் ஓடி வருவாங்க. நாராயணப்பன்கிட்ட யாரும் போவ மாட்டாங்க. போனா அவரு ஒரு முடிவு சொல்லிருவாரே.

அவரு ரெண்டு தடவ பஞ்சாயத்து பிரசிடெண்டா இருந்தவரு. மூணாவது தடவைக்கு வேட்டிய மடிச்சுக் கட்டறாரு, ஊரு பொம்பள சீட்டாயிருச்சுன்னு ஆர்டர் வந்துருச்சு. அன்னைக்கு மத்தியானம் அவருக்கு சோறு எறங்கல. சாயந்திரம் தெளிஞ்சுட்டாரு. வூட்டுலதான் ஒரு பொம்பள இருக்குதே.

மாரியம்மன் கோயில்ல ஊர்க்கூட்டம் போட்டாங்க. "சண்ட சச்சரவு எதுக்கு, ஊரு ஒத்துமையா அன்னப்போஸ்ட்டா அனுப்பிரலாம்"னு முடிவாச்சு. அன்னப்போஸ்ட்டுன்னா எதுத்து ஆளே நிக்காது, ஓட்டுப்பொட்டியே வராது, பேரு குடுத்தா ஜெயிச்ச மாதிரி. சென்னம்மாவ யாரும் ஒரு வார்த்த கேக்கல. மாடு கறந்துட்டிருந்த எடத்துக்கு வந்து, "கையக் கழுவிட்டு வா, கையெழுத்து போடணும்"னாங்க. வந்துச்சு, போட்டுச்சு, திரும்பிப் போயி மிச்சப் பாலயும் கறந்துச்சு. பிரசிடெண்டாயிருச்சு.

பஸ் ஸ்டாப்புல ஃப்ளெக்ஸ் வச்சாங்க. கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நாராயணப்பன் ஆளு ஒசரத்துக்குக் கும்புட்டுக்கிட்டு நிக்கறாரு. கீழ மூலைல, ரேஷன் கார்டு போட்டோவ எடுத்து ஒட்டி, சென்னம்மா. தூரத்துலருந்து பாத்தா, காணாமப்போனவங்கள கண்டா சொல்லுங்கன்னு போடுவாங்களே, அப்படி இருந்துச்சு. அதுக்கப்பறம் பஞ்சாயத்து ஆபீசு நாற்காலி அவருக்கு, கையெழுத்து அந்தம்மாவுக்கு. ஜனங்க அவர "பிரசிடெண்டே"ன்னுதான் கூப்டாங்க. சென்னம்மாவ "பிரசிடெண்டு வூட்டம்மா"ன்னாங்க. பதவில இருந்தது அந்தம்மா, பேரு வாங்குனது அவரு.

சென்னம்மா அத ஒன்னும் பெருசா எடுத்துக்கல. மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி கையெழுத்தும் ஒரு வேலன்னு இருந்துச்சு. கெடுத்தது கிருஷ்ணகிரி.

பொம்பள பிரசிடெண்டுங்களுக்கெல்லாம் பயிற்சின்னு கிருஷ்ணகிரிக்குக் கூப்டாங்க. புருஷனுங்க உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அத்தன புருஷனுங்களும் வெள்ளச் சட்டையோட வாசல்ல நிக்கறாங்க, பொண்டாட்டி ஹேண்ட்பேக்க கைல புடிச்சுக்கிட்டு. உள்ள ஒரு டீச்சரம்மா, "ஒவ்வொருத்தரா எந்திரிச்சு பேரு, ஊரு, எப்படி ஜெயிச்சீங்கன்னு சொல்லுங்க"ன்னாங்க. ஒருத்தி சொந்த நாத்தனார எதுத்து நின்னு ஜெயிச்சவ. சாமல்பட்டிப் பக்கத்துலருந்து வந்த ஒரு பொண்ணுக்கு சரிசமமா ஓட்டு விழுந்து, சீட்டு குலுக்கிப் போட்டு ஜெயிச்சுதாம். "சீட்டு எடுக்கறப்ப என் வூட்டுக்காரரு மயங்கி விழுந்துட்டாரு"ன்னு சொல்லுது, எல்லாம் கை தட்டறாங்க. சென்னம்மா முற வந்துச்சு. எந்திரிச்சு, "அன்னப்போஸ்ட்டு"ன்னுச்சு.

டீச்சரம்மா நல்ல மனசுல, "அப்ப ஊரே உங்களுக்கு ஓட்டு போட்ட மாதிரி"ன்னாங்க.

பின்னாடிலருந்து ஒரு குரலு. "ஒருத்தருமே போடாத மாதிரியுந்தான்."

எல்லாம் சிரிச்சாங்க. சென்னம்மாவும் கூட சேந்து சிரிச்சுச்சு. ஆனா மத்தியானம் குடுத்த தயிர்சாதம் அப்படியே பொட்டலமா திரும்பி வூட்டுக்கு வந்துச்சு.

வர்ற வழில கார்ல கேட்டுச்சு. "ஏனுங்க, நெசமா ஓட்டு வச்சா ஊருல எனக்கு எத்தன பேரு போடுவாங்க?"

நாராயணப்பன் கியர மாத்திக்கிட்டே, "உனக்கு எதுக்கு போடணும்? எனக்குப் போடுவாங்க"ன்னாரு. கிண்டலுக்குச் சொல்லல. கிழக்க சூரியன் வருதுங்கற மாதிரி சொன்னாரு.

அன்னைக்குப் புடிச்சது அந்தம்மாவுக்கு. தன் பேரப் பாத்து, தனக்குன்னு ஒரு ஆளாச்சும் முத்திரை குத்துவானா, மாட்டானா? பதவி வேணும்னு இல்ல. பதவிதான் கைலயே இருக்குதே. இந்த ஒன்னு தெரியணும். அத யார்கிட்ட கேக்கறது, எதுத்து நிக்க ஆளே இல்லாத ஊருல.

அடுத்த எலக்சன் வந்துச்சு. மறுபடி பொம்பள சீட்டு, மறுபடி மாரியம்மன் கோயிலு, மறுபடி அன்னப்போஸ்ட்டு, அதே ரேஷன் கார்டு போட்டோ. நாராயணப்பன் ஃப்ளெக்ஸுக்கு ஆர்டரே குடுத்துட்டாரு. நாமினேஷன் கடைசி நாளு, சாயந்திரம் முடியப்போற நேரத்துல, லைன் வூட்டு ஃபகருன்னிசா போயி பேரு குடுத்துருச்சு.

ஃபகருன்னிசா ஒரு கம்பெனில அசெம்ப்ளில வேல பாக்கற பொம்பள. வூட்டுக்காரரு குருபரப்பள்ளில ஹைவே ஓரம் பழக்கடை. பேரு குடுத்ததுக்குக் காரணம் தண்ணி. ஊருக்குள்ள விடியக்காலைல வால்வு தொறப்பாங்க, லைனுக்கு பத்து மணிக்கு மேல. அந்நேரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பொம்பளைங்க எல்லாம் கம்பெனிக்குள்ள. திரும்பி வந்து கொழாயத் தொறந்தா காத்துதான் வரும். தண்ணி விடற ஆளக் கேட்டா பிரசிடெண்டக் கேளும்பான். நாராயணப்பனக் கேட்டா, "பாக்கலாம்மா"ம்பாரு. அவரு பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. கடைசில ஃபகருன்னிசா, பக்கத்து வூட்டு மோகனப்ரியாங்கற சிவகங்கப் பொண்ண முன்மொழியச் சொல்லிக் கூட்டிட்டுப் போயி, நாமினேஷனக் குடுத்துட்டு வந்துருச்சு.

மாதேஷ் கடை அன்னைக்கு ரெண்டாயிருச்சு. வெங்கடப்பன்னு ஒருத்தன், நாராயணப்பன் போற எடமெல்லாம் போற ஆளு, அவன் பெஞ்சத் தட்டிக் கேக்கறான். "பொழைக்க வந்த எடத்துல பிரசிடெண்டு பதவி கேக்குதா?"

மாதேஷ் டீய ஆத்திக்கிட்டே, "நீ பெங்களூர்ல எலக்ட்ரிக் வேல பாத்தப்ப அங்க ஓட்டர் கார்டு வாங்கலியா?"ன்னான்.

"நான் வாங்குனேன். நின்னனா?"

"உன்ன நிக்கச் சொல்லி யாரு கூப்டா?"

நாராயணப்பன் கோவப்படல. அவரு கார எடுத்துக்கிட்டு பழக்கடைக்குப் போனாரு. பேரு குடுத்தது பொண்டாட்டி, பேசப் போனது புருஷன்கிட்ட. ரெண்டு ஆம்பளைங்களும் மாம்பழக் கூடைக்கு நடுவுல உக்காந்து பேசி முடிச்சுட்டாங்க. லைனுக்குத் தனி வால்வு போட்டுத் தர்றது, பாயம்மா வாபஸ் வாங்கறது. வூட்டுக்காரரு வந்து ஃபகருன்னிசாகிட்ட, "அண்ணன் தேடி வந்து கேட்டாரு, மூஞ்சிக்கு நேரா எப்படி முடியாதுங்கறது"ன்னாரு. ஃபகருன்னிசா அன்னைக்கு முழுக்க பேசல. சட்டிபானைங்கதான் பேசுச்சு.

வாபஸ் வாங்க கடைசி நாளு புதன்கெழம, மத்தியானம் மூணு மணி வரைக்கும். காலைலயே போயிருக்கலாம். ஆனா நாராயணப்பனுக்குக் காலைல நேரம் அமையல, அதுக்கப்பறம் ராகுகாலம் வந்துருச்சு. நல்ல காரியத்த ராகுகாலத்துல தொடங்கக்கூடாதுன்னு கார வாசல்லயே நிறுத்திட்டு உக்காந்துட்டாரு. யாருக்கு நல்ல காரியம்னு கேக்காதீங்க. ராகு எறங்குனதும் கெளம்புனாங்க. முன்னாடி அவரும் வெங்கடப்பனும், பின்னாடி ஃபகருன்னிசா, தொணைக்கு சென்னம்மா. "பொம்பள கூட இருந்தா யாரும் தப்பாப் பேச மாட்டாங்க"ன்னு அவருதான் ஏத்துனாரு. எதுத்து நிக்கற ரெண்டு வேட்பாளருங்களும் ஒரே சீட்டுல, முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு. சூளகிரில நிறுத்தி ஜூஸ் வாங்குனாரு. ஃபகருன்னிசா தொடல. ரெண்டு ஜூஸயும் குடிச்சது வெங்கடப்பன்.

யூனியன் ஆபீசுல எறங்குனதும் ஃபகருன்னிசா சொல்லுச்சு. "அண்ணா, மத்தியான லுஹர் தொழுதுட்டு வந்துர்றேன். அதுக்கப்பறம் கையெழுத்து போடறேன்."

நாராயணப்பன் வாட்சப் பாத்தாரு. நேரம் நெறைய இருந்துச்சு. "தாராளமா தொழும்மா. சாமி காரியம்"ன்னாரு. அதுலயெல்லாம் அவரு பெரிய மனுசன். ஆபீசு ஆளு ஒருத்தரு, ஒடஞ்ச சேருங்கள அடுக்கி வச்சிருந்த ரூமத் தொறந்து விட்டாரு. ஃபகருன்னிசா ஒரு ஓரத்தக் கூட்டி, பையிலருந்து விரிப்ப எடுத்துப் போட்டுச்சு. சென்னம்மா கதவ சாத்தி, உள்பக்கமா ஒரு சேரப் போட்டு உக்காந்துச்சு. காலு ஒடஞ்ச சேரு, ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டுதான் உக்காரணும்.

ஃபகருன்னிசா தொழுது முடிக்க அதிக நேரமாவல. சென்னம்மா பாத்துக்கிட்டே இருந்துச்சு. குனியறது, நிமுர்றது, தலைய தரைல வைக்கறது. பக்கத்துல ஆளு இருக்குன்னே அதுக்கு நெனப்பில்ல. இப்படி யாரயும் கேக்காம தனக்குன்னு ஒன்னச் செய்யறதப் பாக்கறப்ப சென்னம்மா கண்ண எடுக்கலியாம். பொறாமன்னுதான் சொல்லணும்.

சலாம் குடுத்து முடிச்சு, விரிப்ப மடிக்கக் குனிஞ்சுச்சு ஃபகருன்னிசா.

"உனக்கு வாபஸ் வாங்க மனசு இருக்குதா?" சென்னம்மா கேட்டுச்சு.

"வூட்டுக்காரரு வாக்கு குடுத்துட்டாருக்கா."

"அவரு குடுத்ததக் கேக்கல. உனக்கு இருக்குதா?"

"இல்ல."

"அப்ப மடிக்காத. உக்காரு."

ஃபகருன்னிசாவுக்குப் புரியல. "எனக்கு எதுத்து நிக்கறதே நீங்கதானேக்கா?"

"அதனாலதான் சொல்றேன். நீ போயிட்டா நான் மறுபடி அன்னப்போஸ்ட்டு. அஞ்சு வருசம் பிரசிடெண்டா இருந்தேன், இந்த ஊருல ஒரு நாயி கூட எனக்கு ஓட்டு போட்டதில்ல. நானே எனக்குப் போட்டதில்ல. நீ நின்னாத்தான் நான் நிப்பேன். தோத்தாலும் ஓட்டுல தோக்கறேன்."

ஃபகருன்னிசா விரிப்பயே பாத்துச்சு. "தொழுகைய வச்சு நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா. அது தப்பு."

"நீ எதுக்கு சொல்ற? நீ வாயே தொறக்காத. பொய்ய நான் சொல்றேன். எங்க சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

 ஃபகருன்னிசா விரிப்பத் தள்ளி வச்சுட்டு, வெறுந்தரைல காலு நீட்டி உக்காந்துச்சு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல நின்னு நின்னு வீங்குன காலு. அதத் தேச்சுக்கிட்டு, "உங்களுக்கு எதுத்துதான் ஓட்டு கேப்பேன், அப்பறம் வருத்தப்படக்கூடாது"ன்னுச்சு.

"நல்லாக் கேளு. நானும் கேக்கறேன்."

வெளில நாராயணப்பன் கதவத் தட்டுனாரு. ரொம்ப மரியாதையா, ஒத்த வெரல்ல. "ஏமே, ஆச்சா?"

சென்னம்மா கதவ ஒரு சாண் தொறந்து, மூஞ்ச மட்டும் வெளில விட்டுச்சு. "இல்லீங்க. இன்னும் நடக்குது."

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வந்தாரு. கூடவே வெங்கடப்பன். பெங்களூர்ல இருந்ததால அவனுக்கு எல்லா விசயமும் தெரியுமாம். "வெள்ளிக்கெழமன்னாதான் நேரமாவும் அண்ணா. இன்னைக்கு புதன்தானே."

"ஷிஃப்ட்ல விட்டுப்போனதெல்லாம் சேத்து தொழுவுது"ன்னுச்சு சென்னம்மா. "அரியர்ஸ்."

நாராயணப்பன் வெங்கடப்பன மொறச்சாரு. "தெரியாம பேசாதடா. தொழுவறவங்களக் குறுக்க தாண்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது. பாவம் புடிக்கும்." சொல்லிட்டு வராண்டால போறவன் வர்றவனையெல்லாம் வாயில வெரல வச்சு அடக்கறாரு. ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் செருப்ப கைல தூக்கிட்டுப் போனான். உள்ள ரெண்டு பொம்பளைங்களும் எந்தக் கம்பெனி பஸ்சுல சீட்டு நல்லா இருக்கும்னு பேசிட்டிருக்காங்க, மெதுவா.

மூணாவது தடவ அவரு தட்டறப்ப கொரல்ல பதட்டம் வந்துருச்சு. "ஏமே, டைம் ஆவுதுமே."

"நான் போயி நிறுத்தச் சொல்லட்டுங்களா?" சென்னம்மா கேட்டுச்சு. "சொல்லுங்க, சொல்றேன். அந்தப் பாவம் உங்களுதா, என்னுதா?"

அவரு ஒரு அடி பின்னாடி போயிட்டாரு. பொண்டாட்டி பொய் சொல்லும்னு அவருக்குத் தோணவே இல்ல. பொய் சொல்லணும்னா அது தனியா யோசிக்கணுமே. யோசிக்கற வேலைய அவருதான் மொத்தமா எடுத்துக்கிட்டாரே.

மூணு அடிச்சுச்சு. ஆபீசரு, "முடிஞ்சுதுங்க, இனிமே வாபஸ் கெடையாது"ன்னாரு. அதுக்கப்பறம் சென்னம்மா கதவத் தொறந்து, "ஆச்சுங்க"ன்னுச்சு.

போட்டி உறுதியாயிருச்சு. சின்னம் குடுத்தாங்க. ஃபகருன்னிசாவுக்கு சீப்பு. சென்னம்மாவுக்குக் கட்டில். நாராயணப்பன் வூடு வூடா போயி "என் பொண்டாட்டி கட்டிலுக்குப் போடுங்க"ன்னு கும்புட வேண்டியதாயிருச்சு. ஊரு எளவட்டம் சும்மா இருக்குமா? அவரு வர்ற பக்கமெல்லாம் ஒருத்தன் இருமுவான்.

மனுசனுக்கு வயித்தெரிச்சல் தாங்கல. வதந்தியக் கெளப்பி விட்டது வெங்கடப்பன், வளத்தது அவரு. பாயம்மா தொழுகைய வச்சு ஏமாத்திருச்சுன்னு. மொதல்ல டீக்கடைல ஓடுச்சு, அப்பறம் கம்பெனி பஸ்சுல ஏறுச்சு, அப்பறம் பள்ளிவாசலுக்கே போயிருச்சு. பழக்கடைக்காரரு தொழப் போனா, பக்கத்துல நிக்கறவரு, "உங்க வூட்டுல அரசியலுக்கு வேற எடம் கெடைக்கலியா"ன்னு கேட்டாராம். அந்த மனுசன் பாவம், தலையத் தொங்கப் போட்டுக்கிட்டே வந்துருவாரு. லைன்ல கூட பொம்பளைங்க மனசு மாறிருச்சு. "தண்ணி வேணும்தான், அதுக்குன்னு சாமிய வச்சு விளையாடலாமா"ன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. சீப்புக்கு விழ வேண்டிய ஓட்டு ஒவ்வொன்னா கட்டிலுக்குத் திரும்புது.

சென்னம்மா தனியா வூடு வூடா போயிட்டு இருந்துச்சு. பொறந்ததுலருந்து மொத தடவையா. புருஷன கூட வர வேணாம்னுருச்சு. போற எடத்துல, "எனக்குப் போடுவீங்களா?"ன்னு நேராக் கேக்கும். ஒரு நாளு லைன்ல ஒரு மதுரக்காரம்மா சொல்லுச்சு. "ஒங்களுக்குத்தாங்க்கா போடப் போறேன். அந்தப் பாயம்மா மாதிரி ஏமாத்துறவுகளுக்குப் போட மனசு வரலை."

சென்னம்மாவுக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு ஓட்டு வேணும்னுதான் இத்தனயும். இப்ப ஓட்டு வருது. ஆனா தன்னப் பாத்து வரல. தான் சொன்ன பொய்ய அடுத்தவ தலைல கட்டி, அதுக்கு விழற ஓட்டு.

நேரா ஃபகருன்னிசா வூட்டுக்குப் போச்சு. அது வாசல்ல யூனிஃபார்ம் தொவச்சுட்டு இருந்துச்சு.

"நீ ஏன் வாயத் தொறக்கல? நான்தான் சொன்னேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொன்னா உங்க வூட்டுல உங்கள சும்மா விடுவாங்களாக்கா?" ஃபகருன்னிசா நிமுந்து கூடப் பாக்கல. "நீங்க பேசுனா பேசுங்க. உங்கள நான் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா ஒன்னு. என் தொழுகையப் பத்தி பேசறப்பதான் எரியுது. தோத்தா தாங்கிக்குவேன்."

நீங்க எல்லாம் யாரு ஜெயிச்சாங்கன்னே நெனச்சுட்டு இருப்பீங்க, மிச்சத்த காதுல வாங்க மாட்டீங்க. அதனால அத இப்பவே சொல்லிடறேன். சென்னம்மா தோத்துருச்சு. ரொம்ப மோசமா இல்ல, கண்ணியமாத்தான் தோத்துச்சு. ஓட்டு எண்ற எடத்துல தன் பேருக்கு விழுந்த ஓட்டக் கட்டுக் கட்டா அடுக்கறப்ப, நாராயணப்பன் தலைல கைய வச்சுட்டு உக்காந்திருந்தாரு. அந்தம்மா மேசகிட்டயே நின்னு பாத்துச்சாம், கோயில்ல தீவாரதன பாக்கற மாதிரி. ஏன் தோத்துச்சுன்னா, பிரச்சாரத்தோட கடைசி நாளு லைன்ல நடந்த விசயந்தான்.

அன்னைக்கு ஷிஃப்ட் விட்டு பஸ்சுங்க எல்லாம் வந்து எறங்குற நேரம். லைனுக்கு முன்னாடி நாராயணப்பன் மைக் கட்டுன ஆட்டோவ நிறுத்தி, அவரே பேசறாரு. ஐடி கார்டு கழுத்துல தொங்க ஜனமெல்லாம் நிக்குது. மோகனப்ரியா டிபன்பாக்ஸோட நிக்குது. ஃபகருன்னிசா தன் வூட்டு வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்குது, உள்ள போவல. அத நான் பாராட்டணும். ஆட்டோகிட்டயே சென்னம்மா நிக்குது, மாலையோட. மாலைய அவருதான் போட்டு விட்டாரு.

"ஒத்துமையா இருந்த ஊரு இது"ங்கறாரு மைக்ல. "சாமி பேரச் சொல்லி ஏமாத்துனவங்க கைல பஞ்சாயத்தக் குடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க. நாளைக்கு உங்களயும் இப்படித்தான்."

கூட்டம் ஃபகருன்னிசாவத் திரும்பிப் பாக்குது. அதுக்குக் கண்ணு செவந்துருச்சு. வாய் தொறக்கல.

சென்னம்மா மாலையக் கழட்டி ஆட்டோ கம்பில மாட்டுச்சு. கைய நீட்டுச்சு.

நாராயணப்பன் மைக்க மூடிக்கிட்டு, "என்னாமே?"ன்னாரு.

"அத குடுங்க."

"நீ என்னா பேசுவ? கும்புடு, போதும்."

"வேட்பாளரு நானுங்களா, நீங்களா?" மெதுவாத்தான் கேட்டுச்சு. ஆனா அவரு கை மைக்க சரியா மூடல, ஊருக்கே கேட்டுருச்சு. யாரோ சிரிச்சாங்க. அவரு என்னா பண்றதுன்னு தெரியாம நிக்கறப்பவே அந்தம்மா மைக்க வாங்கிருச்சு. ரெண்டு தடவ தட்டிப் பாத்துச்சு. மொத தடவையா மைக் புடிக்கற ஆளு, வாய்க்கு ரொம்ப கிட்ட வச்சுக்கிட்டு, கொரல் டம்முடம்முன்னு வருது.

"நான் சென்னம்மா. கட்டில் சின்னம். பாயம்மா தொழுகைய வச்சு யாரயும் ஏமாத்தல. அது தொழுது சீக்கிரமா முடிச்சுருச்சு. வாபஸ் கையெழுத்து போட எந்திரிச்சுது. உக்காருன்னு சொன்னது நானு. இன்னும் தொழுவுதுன்னு கதவத் தொறந்து தொறந்து பொய் சொன்னது நானு. ஏமாந்தது என் வூட்டுக்காரரு. இதுக்கு எனக்கு ஓட்டு போடாதீங்கன்னா, போடாதீங்க. ஆனா யாரயாச்சும் திட்டணும்னா என்னத் திட்டுங்க."